அக்கா பேசிய நாற்பத்தொரு நிமிடம்

என் அக்காவுக்கு நிம்மதியாக உட்காரத் தெரியாது. நாற்காலி கொடுத்தால் நுனியில் தொற்றிக்கொள்வாள். டீ ஆறும்வரை பொறுக்காமல் நாக்கைச் சுட்டுக்கொள்வாள். கையில் பேனா கிடைத்தால் அதன் தலையை டிக் டிக் என்று அமுக்கிக்கொண்டே இருப்பாள். பேனா இல்லையென்றால் வலது கால் ஆடும். எதிரில் இருப்பவர் ஒரு வாக்கியத்தைத் தொடங்கிவிட்டால் போதும், அதை முடித்துவைப்பது தன் பொறுப்பு என்று பாய்ந்துவிடுவாள். பாதி நேரம் சரியாகவே முடிப்பாள். வினையே அதில்தான்.

இந்தக் குணத்துக்குப் பதினெட்டு வருடம் சம்பளமும் கொடுத்தார்கள். வீட்டுச் சாமான் பழுதானால் ஜனங்கள் போன் செய்து புலம்புவார்களே, அந்தப் புகார்களைக் கேட்கும் அலுவலகத்தில் அவளுக்கு வேலை. ஒரு அழைப்பை நான்கு நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது அங்கே விதி. அக்கா இரண்டே முக்கால் நிமிடத்தில் முடிப்பாள். "என் வாஷிங் மெஷின்ல தண்ணி..." என்று ஒருவர் இழுக்கும்போதே, "அடியில தேங்குதா, பின்னாடி ஒழுகுதா?" என்று கேட்டு, வழியும் சொல்லி, நன்றியும் சொல்லி வைத்துவிடுவாள். அலுவலகத்தில் அவளுக்கு 'எக்ஸ்பிரஸ்' என்று பெயர். மாதத்தின் சிறந்த ஊழியர் என்று சுவரில் மாட்டுகிற படம் பெரும்பாலும் அவளுடையதாகவே இருக்கும். புதிதாகச் சேர்கிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பொறுப்பையும் அவளிடமே கொடுத்தார்கள். பிறகு ஒரு நாள் அலுவலகத்தையே மூடினார்கள். நாற்பத்தாறாவது வயதில் வீட்டில் குறுக்கும் நெடுக்குமாக மூன்று வாரம் நடந்துவிட்டு, கோச் ஆகப் போவதாக அறிவித்தாள்.

"கோச்சுன்னா என்னக்கா, விசில் ஊதுவியா?" என்றேன்.

"கிண்டலா? வேலை பாக்கிற இடத்துல தடுமாறுறவங்க கூட உக்காந்து, அவங்க சொல்றதைக் காது கொடுத்துக் கேட்டு, அவங்களே ஒரு வழி கண்டுபிடிக்க உதவுறது." பாடப் புத்தகத்திலிருந்து அப்படியே வந்தது.

"நீயா? உக்காந்தா?"

முறைத்தாள். நான் விடவில்லை, ஏனென்றால் எனக்கு இதில் ஒரு பழைய கோபம் உண்டு. எனக்கு இருபத்திநாலு வயதில், நான் வேலை பார்த்த மருத்துவமனை, வேறு ஊரில் இருந்த பெரிய கிளையில் ஒரு பிரிவையே என் பொறுப்பில் விடுவதாகச் சொன்னது. மூச்சிரைக்க அக்காவிடம் ஓடி வந்தேன். "அக்கா, என்னை வேற ஊருக்கு மாத்தப் போறாங்களாம், எனக்கு..." என்று ஆரம்பித்தேன். "பயமா இருக்கா? நீ ஒண்ணும் கவலைப்படாதே" என்றாள். மறுநாள் என் மேலதிகாரியைப் போய்ப் பார்த்து, வீட்டுச் சூழ்நிலை சரியில்லை என்று நாலு காரணம் அடுக்கி, மாற்றலை ரத்து செய்துவிட்டு வந்து நின்றாள். முகமெல்லாம் சிரிப்பு. அந்த முகத்தைப் பார்த்து, எனக்குப் போக ஆசையாக இருந்தது என்று சொல்ல வாய் வரவில்லை. இருபது வருடமாக அது தொண்டையிலேயே கிடக்கிறது.

இன்று நான் வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். மருத்துவர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்புவதைக் காதில் மாட்டிக் கேட்டு, வார்த்தைக்கு வார்த்தை தட்டச்சு செய்து கொடுப்பேன். காலுக்கடியில் ஒரு மிதி இருக்கும். அழுத்தினால் குரல் ஓடும், எடுத்தால் நிற்கும். மூன்று மருத்துவர்கள். ஒருவர் எலும்பு, ஒருவர் தோல், ஒருவர் காது மூக்கு தொண்டை. அடுத்தவர் பேச்சைக் கேட்பதுதான் என் பிழைப்பு என்பதால், அக்காவுக்கும் என்னிடம் ஒரு காரியம் வந்து சேர்ந்தது.

கோச் சான்றிதழ் கேட்பவர்கள், தாங்கள் நடத்திய ஓர் அமர்வைப் பதிவு செய்து, அதன் எழுத்து வடிவத்தோடு அனுப்ப வேண்டும். இருமல், தயக்கம், மௌனம் உட்பட எதுவும் விடுபடக் கூடாது. ஒரு நடுவர் அதை வைத்துக்கொண்டு யார் எவ்வளவு பேசினார், யார் யாரை வெட்டினார் என்று வரி வரியாகக் குறிப்பார். அக்கா இரண்டு முறை அனுப்பி இரண்டு முறையும் திரும்பி வந்துவிட்டது. இரண்டாவது முறை நடுவர் எழுதியிருந்த குறிப்பு எனக்கு மனப்பாடம்: 'ஆலோசனைகள் நன்றாக இருக்கின்றன. ஆனால் ஆலோசனை பெற வந்தவர் அறையில் இருந்தாரா என்பது தெரியவில்லை.' நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அக்கா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அவள் விஷயத்தில் அது பெரிய சாதனை.

மூன்றாவது முறை தவறினால் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். காத்திருப்பது என்ற சொல்லைக் கேட்டாலே அவளுக்கு உடம்பு அரிக்கும். அந்த மூன்றாவது முறைக்காக அவள் தேர்ந்தெடுத்த பதிவு, லிஃப்ட் ஃபோர்மேனுடையது.

கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்க்கும் ஒரு கம்பெனியில் அவர் ஃபோர்மேன். ஐம்பத்திரண்டு வயது. அவருக்குக் கீழே ஆறு பேர். 'யாரையும் மதிப்பதில்லை, கூப்பிட்டால் திரும்புவதில்லை, காரணமில்லாமல் கத்துகிறார்' என்று ஆறு பேரும் கையெழுத்துப் போட்டு மேனேஜரிடம் கொடுத்திருந்தார்கள். மேனேஜர் அவரை ஆறு அமர்வுக்கு அக்காவிடம் அனுப்பினார். திருந்தாவிட்டால் பொறுப்பு போய்விடும். பதிவு செய்யவும், அதை நான் தட்டச்சு செய்யவும் அவர் சம்மதித்துக் கையெழுத்திட்டிருந்தார். வெளியே சொல்ல மாட்டேன் என்று நானும் கையெழுத்திட்டிருந்தேன். இப்போது இதைச் சொல்கிறேன் என்றால், "தாராளமா சொல்லுங்க, இன்னொருத்தனுக்கு உதவட்டும்" என்று அவரே சொன்ன பிறகுதான்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவருடைய நான்காவது அமர்வைக் காதில் மாட்டினேன். ஐம்பது நிமிடம். ஜெராக்ஸ் கடைக்கு மேலே அக்கா வாடகைக்கு எடுத்திருக்கும் அறையை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு நாற்காலி, ஒரு மேஜை, வருகிறவர் உட்காரும் நாற்காலிக்கு இடப் பக்கம் தெருவைப் பார்த்த ஜன்னல். பதிவில் முதலில் கேட்டதே பேனாதான். டிக் டிக். அப்புறம் அக்கா. அப்புறமும் அக்கா. எழுந்து நடந்துகொண்டே பேசுகிறாள் என்பது காலடிச் சத்தத்தில் தெரிந்தது. ஜன்னல் பக்கம் போகும்போது அவள் குரல் தேய்ந்து தெருச் சத்தம் கூடும். திரும்பி வரும்போது குரல் ஏறும்.

ஃபோர்மேனுடைய பங்கு என்னவென்று பார்த்தால், பெரும்பாலும் "ஆங்?" என்பதுதான். எண்ணினேன், பதினோரு முறை. "அந்த 'ஆங்' எல்லாத்தையும் எடுத்துடு, வெறும் சத்தம்தானே" என்று அக்கா முதல் நாளே சொல்லி வைத்திருந்தாள். எனக்கு அதை எடுக்க மனம் வரவில்லை. மருத்துவர்களிடம் வேலை பார்த்துப் பழகிய கை, இருமலைக்கூட விடாது.

நடுவில் ஓரிடத்தில் அக்கா கேட்கிறாள், "உங்க டீம்ல ரொம்ப நாளா உங்ககூட இருக்கிறது யாரு?" அவர் சொல்கிறார், "ஆமா மேடம்." அக்கா நிற்கவே இல்லை; அதையும் தாண்டி ஓடிவிட்டாள். நான் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டேன். யார் என்று கேட்டால் ஆமாம் என்று ஒரு மனிதர் ஏன் சொல்ல வேண்டும்? பின்னால் ஓட்டி மறுபடி கேட்டேன். அந்தக் கேள்வியைக் கேட்கும்போது அக்கா ஜன்னல் பக்கம் நின்றிருக்கிறாள்; தெருச் சத்தம் தெளிவாகக் கேட்கிறது. பதினோரு 'ஆங்'கையும் ஒவ்வொன்றாகத் தேடிப் போய்க் கேட்டேன். எல்லாமே ஜன்னல் பக்கம். காது மூக்கு தொண்டை மருத்துவரின் குறிப்புகளை ஒன்பது வருடமாகத் தட்டச்சு செய்கிறவள் நான். எதைக் கேட்டாலும் தலையாட்டுகிறவர்கள், இருக்கிற சத்தத்துக்கு மேல் கத்திப் பேசுகிறவர்கள், ஒரு பக்கத்திலிருந்து கூப்பிட்டால் திரும்பாதவர்கள், எல்லோரும் என் விரல் வழியாகப் போயிருக்கிறார்கள். இவருக்கும் அந்தப் பக்கத்துக் காது கேட்கவில்லை என்று பட்டது.

அதைவிட மோசமான ஒன்றும் இருந்தது. ஐம்பது நிமிடத்தில் மூன்று முறை அவர், "அன்னைக்கு அந்த ஏழு மாடிக் கட்டடத்துல..." என்று ஆரம்பிக்கிறார். மூன்று முறையும் அக்கா வெட்டுகிறாள். முதல் முறை, "கோவம் வந்துடுச்சு, அதானே?" இரண்டாவது, "நடந்ததை விடுங்க, இனிமே என்ன செய்யலாம்னு பாப்போம்." மூன்றாவது முறை அவர் ஆரம்பிக்கும்போதே குரல் கீழே போய்விட்டது. அதற்குப் பிறகு அவர் ஆரம்பிக்கவில்லை.

நேரம் போட்டுப் பார்த்தேன். அக்கா நாற்பத்தொரு நிமிடம். அவர் ஏழு. மீதி இரண்டு நிமிடம் பேனாவும் தெருவும்.

மத்தியானம் அக்கா வந்தாள், வழக்கம்போல் செருப்பைக் கழற்றுவதற்குள் பேச்சு தொடங்கிவிட்டது. "முடிச்சிட்டியா? கொஞ்சம் நீளமாயிடுச்சுன்னு எனக்கே தெரியும். நான் பேசினதுல ஒரு பாதியை வெட்டிடு, பதிவையும் அதுக்கேத்த மாதிரி சுருக்கிடலாம், யாருக்குத் தெரியப் போகுது?"

"வெட்டுறது உனக்குக் கைவந்த கலை. நீயே வெட்டிக்கோ" என்று ஹெட்போனை அவள் காதில் மாட்டி, நாற்காலியில் அழுத்தி உட்காரவைத்து, மிதியை நான் அழுத்தினேன்.

முதல் ஐந்து நிமிடம் டிக் டிக். பிறகு பேனா நின்றது. பிறகு கால். பாதியில் ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தாள்.

"நான் இப்படியா பேசறேன்?"

"இல்ல, இதைவிட வேகமா. பதிவாகுதேன்னு கொஞ்சம் அடக்கி வாசிச்சிருக்க."

"மூணு தடவை ஆரம்பிச்சிருக்காரு" என்றாள். அவள் குரல் அப்படிச் சன்னமாகி நான் கேட்டதில்லை. "நான் ஏன் கேக்கல?"

ஜன்னல் விஷயத்தைச் சொன்னேன். 'ஆங்' பதினொன்றையும் போட்டுக் காட்டினேன். அவள் எழுந்துவிட்டாள். "அடக் கடவுளே. வியாழக்கிழமை அவரு ஷாஃப்ட்ல வேலை பாக்கறாரு."

லிஃப்ட் ஏறி இறங்குகிற நீண்ட பள்ளத்தை அவர்கள் ஷாஃப்ட் என்பார்கள். ஃபோர்மேன் லிஃப்ட் பெட்டியின் தலைமேல் நின்று அதை மெல்ல நகர்த்துவார். அடியில் ஒருவர் இருப்பார். நகர்த்துவதற்கு முன் மேலே இருப்பவர் "இறங்கறேன்" என்று குரல் கொடுக்க வேண்டும், கீழே இருப்பவர் "சரி" என்று பதில் குரல் கொடுத்த பிறகுதான் கை பொத்தானுக்குப் போக வேண்டும். இதெல்லாம் இரண்டாவது அமர்வில் அவரே சொன்னது. ஒருவர் உயிர் இன்னொருவர் காதில் இருக்கிற தொழில்.

அக்கா போனை எடுத்தாள். "மேனேஜர்கிட்ட இப்பவே சொல்லிடறேன்."

நான் பிடுங்கிக்கொண்டேன். "என்னன்னு சொல்லுவ? என் தங்கச்சிக்கு ஒரு சந்தேகம்னா?"

"உயிருக்கு ஆபத்துன்னா ரகசியம் பாக்க வேண்டாம்னு ஒப்பந்தத்துலயே இருக்குடி! கையக் கட்டிக்கிட்டு இருக்கச் சொல்றியா?"

"இருக்கச் சொல்லல. நாளைக்குக் காலைல பத்து மணிக்கு அவரு உன் முன்னாடி வந்து உக்காரப் போறாரு. வேலை அதுக்கு மறுநாள்தானே? அவரு வாயால சொல்றதுக்கு ஒரு தடவை வழி விடு. சொல்லலைன்னா நீ சொல்லு, யாரு வேண்டாம்னா? ஆனா அவரு முகத்துக்கு நேரா, சொல்லப் போறேன்னு சொல்லிட்டுச் சொல்லு. முதுகுக்குப் பின்னாடி போய் முடிச்சிட்டு வந்து நிக்காதே, எனக்கு நடந்த மாதிரி..."

"சரி சரி, புரியுது" என்று செருப்பை மாட்டினாள். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை என்பது எனக்குப் புரிந்தது. வாசலில் நின்று, "வலது பக்கம் உக்காரணும், எந்திரிக்கக் கூடாது, பேனா கூடாது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனாள்.

மறுநாள் காலை எனக்கு வேலை ஓடவில்லை. எலும்பு மருத்துவர் வலது முழங்கால் என்று சொன்னதை இடது என்று அடித்து, அழித்து, மறுபடி இடது என்றே அடித்தேன். பத்து மணி ஆனது. பத்தேகால் ஆனது. அவள் வாயைத் திறந்திருப்பாள், எல்லாவற்றையும் கொட்டியிருப்பாள், அவர் "அப்படியெல்லாம் இல்ல மேடம்" என்று எழுந்து போயிருப்பார், நாளைக்கு அந்தப் பள்ளத்தில் யாரோ ஒருவர் கத்தப் போகிறார் என்றே மனம் அடித்துக்கொண்டது. நானே நேற்று போனைப் பிடுங்காமல் இருந்திருக்கலாமோ என்றும் தோன்றியது. பன்னிரண்டு மணிக்குப் பதிவு வந்தது. கூடவே ஒரு வரி: 'முழுசா டைப் பண்ணு. எதையும் எடுக்காதே.'

காலடிச் சத்தம் இல்லை. டிக் டிக் இல்லை. அக்காவின் குரல் ஒரே இடத்திலிருந்து வந்தது, அருகிலிருந்து, நிதானமாக.

"போன வாரம் மூணு தடவை ஏழு மாடிக் கட்டடம்னு ஆரம்பிச்சீங்க. மூணு தடவையும் நான் குறுக்க பேசிட்டேன். மன்னிச்சிடுங்க. அன்னைக்கு என்ன நடந்துச்சு?"

பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. தட்டச்சில் மௌனத்துக்கும் நேரம் போட வேண்டும். இருபது விநாடி. முப்பது. ஒரு ஹார்ன் சத்தம். நாற்பத்தைந்து. இதோ பேசப் போகிறாள், இதோ கெடுத்துவிடப் போகிறாள் என்று விரலை விசைகளின் மேலேயே வைத்திருந்தேன். ஒரு நிமிடம். பதிவு அறுந்துவிட்டதோ என்று ஒலியைக் கூட்டினேன். அவள் மூச்சு கேட்டது. [மௌனம், 1 நிமிடம் 52 விநாடி] என்று அடித்தேன். அக்காவின் வாழ்நாளில் அதற்குச் சமமாக இன்னொன்று கிடையாது, தூக்கத்தைத் தவிர.

"கீழ ஆள் இருந்தான் மேடம்" என்றார் அவர். "இறங்கறேன்னு குரல் குடுத்தேன். அவன் வேண்டாம்னு கத்தியிருக்கான். எனக்குக் கேக்கல. சரின்னு சொல்லியிருப்பான்னு நானா நெனச்சுப் பொத்தானை அமுக்கிட்டேன். ஒரு அடி இறங்கிடுச்சு. அவன் தரையோட தரையா படுத்ததால பொழச்சான். திமிர்ல அமுக்கினேன்னு எல்லாரும் நெனக்கிறாங்க. நெனச்சுக்கட்டும்னு விட்டுட்டேன். இடது காது போயி ரெண்டு வருசம் ஆகுது. வீட்ல கூடத் தெரியாது. சொன்னா ஷாஃப்ட் பக்கமே விட மாட்டாங்க. முப்பது வருசமா எனக்கு வேற எதுவும் தெரியாது மேடம்."

அவர் அழுதார். அக்கா அதையும் அழவிட்டாள். பிறகு சொன்னாள், "இதை இப்ப நான் கேட்டுட்டேன். நாளைக்கு வேலை ஆரம்பிக்கிறதுக்குள்ள மேனேஜருக்குத் தெரிஞ்சாகணும், அதுல நான் விட்டுக்குடுக்க முடியாது. யாரு சொல்றது, எப்படிச் சொல்றதுங்கறது உங்க இஷ்டம்."

இன்னொரு மௌனம், நாற்பது விநாடி. "நானே சொல்றேன். நீங்க பக்கத்துல இருங்க."

மேனேஜருக்குப் போன் செய்து ஸ்பீக்கரில் போட்டார். மேனேஜர் குரலிலேயே அவசரம் தெரிந்தது.

"சார், நாளைக்கு வேலை விஷயமா, எனக்கு ஒரு..."

"லீவா? நாளைக்கெல்லாம் முடியாதுப்பா."

"லீவு இல்ல சார். எனக்குக் கொஞ்ச நாளா..."

"உடம்பு சரியில்லையா? ஒரு மாத்திரையப் போட்டுட்டு வந்துடு. மத்ததை அப்புறம் பேசிக்கலாம். வெச்சிடறேன்."

"சரி சார்" என்றார் அவர். குரல் போன வாரம் போலவே கீழே போய்விட்டது.

அப்போதுதான் அக்கா பேசினாள். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக.

"சார், நான் கோச் பேசறேன். அவர் இன்னும் முடிக்கல."

நான் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். இருபது வருடத்துக்கு முன்னால் என் பக்கத்தில் நின்று யாராவது இந்த ஒரு வரியைச் சொல்லியிருக்கக் கூடாதா என்று ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. மறுபடி மிதித்தேன். "சொல்லுங்க" என்றார் மேனேஜர். ஃபோர்மேன் சொல்லி முடித்தார்.

வியாழக்கிழமை வேலையை வேறொருவர் மேற்பார்வை பார்த்தார். ஃபோர்மேனுக்குக் காதைச் சோதித்தார்கள். இப்போது கருவி மாட்டிக்கொண்டிருக்கிறார். ஷாஃப்ட்டில் அவரை அனுமதிக்கவில்லை. தரைத்தளத்தில் மின்பலகைகளைப் பார்க்கிறார். அதில் அவருக்கு வருத்தம் உண்டு, யாரும் அதை மறைக்கவில்லை. அடியில் படுத்து உயிர் பிழைத்தவர்தான் முதலில் வந்து பேசினாராம். அவர் அழுத அந்தப் பதிவை நடுவருக்கு அனுப்பக் கூடாது என்று அக்காவே முடிவு செய்தாள். வேறு பதிவுக்கு நேரமில்லாமல் அவளுடைய சான்றிதழ் ஒரு வருடம் தள்ளிப் போய்விட்டது.

புதன்கிழமை சாயங்காலமே அவள் என் வீட்டுக்கு வந்திருந்தாள். செருப்பைக் கழற்றினாள். உள்ளே வந்தாள். பேச்சு வரவில்லை. நாற்காலியில், நுனியில் இல்லை, முழுதாக உட்கார்ந்தாள்.

"நேத்து நீ ஏதோ சொல்ல வந்தே. எனக்கு நடந்த மாதிரின்னு."

"ஒண்ணுமில்லக்கா."

அவள் போகவில்லை, பேசவும் இல்லை. வலது கால் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

"அந்த வேற ஊர் வேலை..." என்றேன்.

அவள் வாய் திறந்தது. பார்த்தேன், திறந்தது. மூடிக்கொண்டாள். சுவர்க் கடிகாரம் ஓடியது, பக்கத்து வீட்டில் குழாய் ஓடியது.

"எனக்குப் போகணும்னு இருந்துச்சுக்கா."

அவளுடைய கால் நின்றுவிட்டது.